கோவிந்தசாமி காப்பகத்தில் சேர்ந்த கதை

சாவதில் தவறொன்றும் இல்லை, எல்லோரும் செய்கிற காரியம்தான். கோவிந்தசாமி செய்த தவறு தோணிக்காரத் தெருவுக்குள் செத்துப்போனது. தெருமுனையில் புதிதாக எழும்பியிருந்த சுதை வளைவைத் தாண்டி வெளியே போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உயிரை விட்டிருந்தால் மறுநாளே மண்ணுக்குள் நிம்மதியாக இருந்திருப்பார். மனிதர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி, ரிமோட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்துவிட்டுத் திரும்பிய அவர் மனைவி ராஜாம்பாள், தூங்குகிறார் என்று நினைத்து மின்விசிறியை வேறு அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

குருசுக்குப்பத்தின் ஓரத்தில், கடலைப் பார்த்துக் கிடக்கும் அந்தத் தெருவை முந்தின வருடம்தான் 'வாழும் நாட்டார் மரபுப் பகுதி' என்று அறிவித்திருந்தார்கள். அறிவித்தது மரபுக் காப்பக ஆணையம். அதன் அலுவலகம் தெருவுக்கு எதிரிலேயே இருந்தது. பழைய கிடங்கு ஒன்றை இடித்துவிட்டு, அதைவிடப் பழையதாகத் தெரியும்படி புதிதாகக் கட்டிய மஞ்சள் கட்டடம் அது. அறிவிப்புக் கூட்டத்தில் தெருக்காரர்கள் ஒருவர் விடாமல் கை தூக்கிச் சம்மதித்தார்கள். சாக்கடை அடைப்பெடுக்கத்தான் கூட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நம்பித் தூக்கிய கைகள் அவை. சாக்கடை அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் 'மரபுவழிக் கழிவுநீர்ப் பாதை' என்று ஒரு பித்தளைப் பலகை மட்டும் வந்து நின்றது.

பிறகு சட்டதிட்டங்கள் வந்தன. பார்வையாளர் நேரத்தில் நைட்டியோடு வாசலில் நிற்கக் கூடாது. பிளாஸ்டிக் குடத்தை மண்பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினால் மட்டை பறிமுதல், கில்லி ஆடினால் போட்டோ. ஜனங்கள் எதற்குத்தான் பழகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் மரபாக இருந்துவிட்டு, அதன் பிறகு மனிதர்களாக மாறிக்கொண்டார்கள். ராஜாம்பாள் நைட்டிக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொள்வாள். இவ்வளவுக்கும் பழகியவர்கள், இந்தத் தெருவில் சாவுக்கும் சட்டம் இருக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை. கோவிந்தசாமிதான் முதல் ஆளாக அதில் போய் விழுந்தார்.

அவர்களுக்கு ஒரே மகள், சிவசங்கரி. மஸ்கட்டில் தையல் கடை ஒன்றில் வேலை. போனில் விஷயத்தைச் சொன்னதும் கத்திக்கூட அழாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யம்மா, நான் நாளைக்கி மத்தியானம் வந்துடுவேன். அப்பா மொகத்த ஒருதரம் பாக்கணும்மா. எடுத்துடாதீங்க." எடுக்க மாட்டோம் என்று ராஜாம்பாள் வாக்குக் கொடுத்தாள். சித்திரை வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. நாளை மத்தியானம் வரை முகம் முகமாக இருக்க வேண்டுமென்றால் ஃப்ரீசர் பாக்ஸ் இல்லாமல் முடியாது.

சாமியானாவும் ஃப்ரீசர் பாக்ஸும் வாடகைக்கு விடுகிற லூர்துநாதன் சொன்ன சொல்லுக்கு வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வந்தவனை வளைவிலேயே காவலாளி நிறுத்திவிட்டான். லூர்துநாதன் வேர்த்து வழிய நடந்து வந்து ராஜாம்பாளிடம் சொன்னான். "அக்கா, பொட்டிய உள்ள உட மாட்றான். கரண்டுல ஓடுற பொட்டி மரபுக்கு ஆவாதாம். பதிவு முடியாம பொணத்த வெளியவும் எடுக்கக் கூடாதாம். வெள்ளக்காரன் இருந்த காலத்துலகூட பொணத்துக்கு யாரும் வேலி போட்டதில்ல."

ஐஸ் பாராவது வாங்கி அடுக்கலாம் என்றார்கள். கோவிந்தசாமி ஆயுசு பூராவும் ஐஸ் ஃபாக்டரியில் பார் உடைத்துப் படகுகளுக்கு ஏற்றியவர். அவர் கூட வேலை செய்தவர்கள் சாக்குக்குள் நாலு பார் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். காவலாளி போன் போட்டுக் கேட்டான். ஐஸும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்தான் என்று பதில் வந்தது. பார்கள் வளைவுக்கு வெளியே சாக்கோடு உருகி, மரபுவழிக் கழிவுநீர்ப் பாதையில் கலந்தன.

கொஞ்ச நேரத்தில் ஆணையத்தின் இயக்குநரே வந்துவிட்டார். முனைவர் ஹரிகிருஷ்ணன். கதர்ச் சட்டை, தோளில் கைத்தறித் துண்டு, காலில் மட்டும் வெளிநாட்டுச் செருப்பு. கூடவே உதவியாளர் ஆஷ்லினும், கேமரா தூக்கிய கிளாட்வினும். இயக்குநர் உள்ளே வந்து கோவிந்தசாமியைப் பார்த்தார். அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கின.

"ஆஷ்லின், பகுதி அறிவிச்சதுக்கு அப்புறம் இதுதானே நமக்கு முதல் மரணம்?" என்றார்.

"ஆமா சார். போன மாசம் ஒண்ணு வந்துச்சு. ஆனா அவங்க ஆஸ்பத்திரியில இறந்துட்டாங்க, நமக்குக் கிடைக்கல."

"கேட்டீங்களா அம்மா? எவ்வளவு பெரிய இழப்பு," என்று ராஜாம்பாளைப் பார்த்துச் சொன்னார். எந்த இழப்பைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினாள்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டு ஃப்ரீசர் பாக்ஸைக் கேட்டாள். மகள் வருகிறாள், முகம் பார்க்க வேண்டும் என்றாள். இயக்குநர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்து ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் எழுந்து போகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அன்பானவர்களே, நம்ம முன்னோர்கள் ஃப்ரீசர் பாக்ஸ்லயா படுத்தாங்க? அழுகினாங்க. பெருமையா அழுகினாங்க. அந்த அழுகலுக்கும் ஒரு அழகியல் உண்டு. அதை இந்தத் தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நான் வெளிநாட்டு வேலையை விட்டுட்டு வந்தேன். மக்கள் இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க. ஆனா மக்கள் பண்பாடு இருக்கணும். மக்களுக்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது."

முன்வரிசையில் ஒரு கிழவர் பழக்க தோஷத்தில் கை தட்டினார்.

படப்பிடிப்பு ஆரம்பமானது. சத்தம் ஒலிப்பதிவில் விழுகிறது என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். நாற்காலியை அகற்றிக் கோவிந்தசாமியைப் பாயில் கிடத்தினார்கள். அவர் மணிக்கட்டிலிருந்த மஸ்கட் வாட்ச்சைக் கழற்றி ராஜாம்பாளிடம் கொடுத்தார்கள். மகள் அனுப்பிய வாட்ச், குளிக்கும்போதுகூட அவர் கழற்றியதில்லை. அதுவரை மரக்கட்டை போல இருந்த ராஜாம்பாள், அந்த வாட்ச் கைக்கு வந்ததும் உடைந்துபோனாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"சத்தத்தக் கொறன்னு சொன்னியே என் ராசா
சத்தமே இல்லாமப் போனியே என் ராசா
சுகர் மாத்தர தீந்துச்சின்னு சொன்னியே
நாளைக்கி வாங்கலாம்னேனே நான் பாவி
ரிமோட்டக் கையில வச்சபடி போனியே என் ராசா..."

தெருப்பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு விம்மினார்கள். லூர்துநாதன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். இயக்குநர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக் கையைத் தூக்கினார். "கட்."

அவர் ராஜாம்பாளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மிகவும் மென்மையாகப் பேசினார். "ரொம்ப உருக்கமா இருந்துச்சு அம்மா. ஆனா சுகர் மாத்திரை, ரிமோட் எல்லாம் ஒப்பாரியில வராது. பின்னாடி ஆராய்ச்சி பண்றவங்க சிரிப்பாங்க. ரிமோட்டுக்குப் பதிலா 'வேல்கம்பக் கையில வச்சபடி'ன்னு பாடிடுங்க."

"அவுரு வேல்கம்பு வச்சிருந்ததே இல்லியே சார்."

"பரவாயில்ல. அவர் என்ன வச்சிருந்தார்ங்கிறது முக்கியமில்ல. உங்க சமூகம் என்ன வச்சிருந்ததுங்கிறதுதான் முக்கியம்."

ராஜாம்பாள் முயன்றாள். மகள் வரும்வரைக்கும் இவர்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்து, புருஷன் பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து வேல்கம்பை மனப்பாடம் செய்தாள். வேல்கம்பு என்று வரும் இடத்தில் அழுகை நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார்கள், அப்போதும் நின்றது. ஐந்தாவது தடவை அவள் அழ மறந்து கேமராவைப் பார்த்தாள். "இவங்களுக்கு ஒப்பாரி வரல," என்று இயக்குநர் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆணையத்திலிருந்து சின்னப்பாப்பாவை அழைத்து வந்தார்கள். ஒப்பாரிக் கலைஞர், இரண்டாம் நிலை. சம்பளப் பட்டியலில் இருப்பவர். தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி, கோவிந்தசாமியின் தலைமாட்டில் இடம் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் தள்ளிக்க தாயி, உன் நெழலு அவுரு மேல வுழுது," என்றார் ராஜாம்பாளிடம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கோச்சிக்காத. ஒம்போது மணிக்குக் கையெழுத்துப் போட்டா அஞ்சு வரைக்கும் அழுதாவணும். எனக்கும் புள்ள குட்டி இருக்குது," என்றார். பிறகு தங்கத் தேர் சாய்ந்தது, தாழம்பூ வாடியது, வேல்கம்பு வீழ்ந்தது என்று தெரு கிடுகிடுக்க அழுதார். ராஜாம்பாள் சுவரோரம் நின்று தன் புருஷனுக்காக வேறொருத்தி அழுவதை வேடிக்கை பார்த்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாள் என்று அந்தச் சுவரிலிருந்தும் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

சாயங்காலத்துக்குள் கோவிந்தசாமியின் முகம் மாறத் தொடங்கியது. உதடு கறுத்தது, வயிறு உப்பியது, ஈக்கள் எங்கிருந்தோ செய்தி கேட்டு வந்துவிட்டன. ராஜாம்பாள் விசிறியால் ஓட்டிக்கொண்டே இருந்தாள். விசிறி ஓலையில் செய்தது என்பதால் யாரும் தடுக்கவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. லூர்துநாதன் கிட்டே வந்து, "அக்கா, எதிர்க்க அவங்க ஆபீஸ்ல குளுரா ஒரு ரூம் கீது. கேசட்டு கெட்டுப்போவாம இருக்க ராப்பகலா ஏ.சி. ஓடுது. கேட்டுப் பாரேன்," என்றான்.

அவள் தெருவைக் கடந்து ஓடினாள். இயக்குநரின் அறையிலேயே அவர் காலில் விழுந்தாள். ஒரே ஒரு ராத்திரி, மகள் வரும்வரைக்கும், அந்தக் குளிர் அறையில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள்.

இயக்குநருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "அம்மா, அங்க ஆயிரக்கணக்கான ஒப்பாரிப் பதிவுகள் இருக்கு. லேசா ஈரம் பட்டாலும் பூஞ்சை பிடிச்சிடும். காப்பகப் பொருள் தவிர ஒரு துரும்பைக்கூட உள்ள விட முடியாது. என் சாப்பாட்டு டப்பாவைக்கூட நான் வெளியிலதான் வைக்கிறேன்."

அப்போதுதான் ஆஷ்லின் வாயைத் திறந்தாள். பாவம், நல்ல எண்ணத்தோடுதான் திறந்தாள். "சார், அப்போ அவரையே காப்பகப் பொருளாச் சேர்த்துட்டா?"

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். இத்தனை வருடமாகப் பாட்டைச் சேர்த்தோம், கூத்தைச் சேர்த்தோம், பானையைச் சேர்த்தோம், அதையெல்லாம் செய்த மனிதனை ஏன் சேர்க்கவில்லை என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுத்து மூலம் எதுவும் வேண்டாம், வாய்மொழிதான் நம் மரபு என்று சொல்லிக் கிளாட்வினைக் கூப்பிட்டார். கேமராவுக்கு முன்னால், "அம்மா, உங்க கணவரைப் பாதுகாக்க எங்ககிட்ட ஒப்படைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஒப்படைக்கறேன் சார். நீங்க நல்லா இருக்கணும்," என்றாள் ராஜாம்பாள். மறுபடி காலில் விழப் போனாள். காலில் விழுவது காப்பகத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, வேண்டாம் என்று கிளாட்வின் தடுத்தான்.

இருட்டுவதற்குள் கோவிந்தசாமி தெருவைக் கடந்தார். கால் கட்டைவிரலில் ஓர் எண் கட்டினார்கள். மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து ஏதோ ஊசிகள் போட்டார்கள். உதட்டின் கறுப்பு போய்விட்டது. தலையில் முண்டாசு, கையில் ஒரு வேல்கம்பு. ராஜாம்பாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து, முகம் நன்றாக இருக்கிறது என்று ஆறுதலோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் சிவசங்கரி பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆணையத்துக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. கதவில் முட்டிக்கொண்டு அழுதவளைக் காவலாளி, பார்வையாளர் நேரம் எழுதிய பலகையைக் காட்டிச் சமாதானப்படுத்தினான். செவ்வாய்க்கிழமை உள்ளே விட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். முண்டாசும் கம்புமாகப் படுத்திருந்தவரை அடையாளம் காணவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டதும் கண்ணாடியில் சாய்ந்து விம்மினாள். காவலாளி ஓடி வந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் அழக் கூடாது, மூச்சின் ஈரம் பொருளைப் பாதிக்கும், அழுகிற இடம் கேன்டீனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வழி காட்டினான்.

பார்த்தாயிற்று, இனி எடுத்துப் போய் அடக்கம் செய்கிறோம் என்று தாயும் மகளும் இயக்குநரிடம் போய் நின்றார்கள். அவர் இருவருக்கும் சுக்குக் காப்பி வரவழைத்தார்.

"பாருங்கம்மா, காப்பகத்துக்குள்ள வர்றதுக்கு ஒரு வழிதான் வச்சிருக்கோம். வெளிய போறதுக்கு வழி வச்சா அது கிடங்கு. நீக்கணும்னா நீக்கக் குழு கூடணும். அந்தக் குழுவை இன்னும் அமைக்கல. அமைச்சா எல்லாரும் வந்து என் பானையைக் கொடு, என் பறையைக் கொடுன்னு நிப்பாங்க. அப்புறம் மரபு என்ன ஆகுறது?"

"அவரு எங்க அப்பா சார்," என்றாள் சிவசங்கரி.

"உங்களுக்கு அப்பா. ஒத்துக்கறேன். ஆனா உங்க ஒருத்தருக்குத்தான் அப்பா. எங்ககிட்ட வந்ததுக்கு அப்புறம் அவர் ஒரு இனத்துக்கே வகைமாதிரி. எது பெருசு, நீங்களே சொல்லுங்க."

காவல் நிலையத்தில், ஆள் காணாமல் போனால்தான் புகார் வாங்க முடியும், இவர் இருக்கும் இடம்தான் ஊருக்கே தெரிகிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். வக்கீல் ஒருவர் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒப்படைக்கறேன் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்களே அம்மா என்று கையை விரித்தார். சிவசங்கரியின் லீவு முடிந்தது. பஸ் ஏறும்போது அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ராஜாம்பாளும் அவளைக் கூப்பிடவில்லை.

கருமாதி நடக்கவில்லை. உடம்பு மண்ணுக்குப் போகாமல் காரியம் செய்ய முடியாது என்று ஐயர் சொல்லிவிட்டார். தாலி அறுக்க வந்த பெண்கள், அறுப்பதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்று பேசிவிட்டுக் கலைந்து போனார்கள். நல்ல காரியத்துக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை, கெட்ட காரியத்துக்கும் கூப்பிடுவதில்லை. தெருவில் பாதிப் பேர் சத்தமில்லாமல் வேறு இடம் பார்த்துப் போனார்கள். கொஞ்சம் வயதானவர்களுக்கு நெஞ்சு வலித்தால் முதலில் தூக்கிக்கொண்டு வளைவுக்கு வெளியே ஓடினார்கள், ஆஸ்பத்திரி அப்புறம்தான்.

ராஜாம்பாள் மட்டும் வியாழக்கிழமை தோறும் போய்வந்தாள். அன்று தெருக்காரர்களுக்கு டிக்கெட் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து கோவிந்தசாமியைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். மீனவப் போர்வீரர் என்று வழிகாட்டி விளக்கினார். அவரு ஐஸ் ஃபாக்டரில வேல பாத்தவரு என்று ராஜாம்பாள் ஒரு தடவை ஒரு சிறுமியிடம் சொன்னாள். அடுத்த வாரமே, பார்வையாளர்களுக்குத் தவறான தகவல் தரக் கூடாது என்று எச்சரிக்கை வந்தது. அதற்குப் பிறகு அவள் பேசாமல் நின்றுவிட்டு வந்தாள்.

தை பிறந்து சில நாளில் இயக்குநரே பழக்கூடையோடு அவள் வீட்டுக்கு வந்தார். ஆஷ்லினும் கிளாட்வினும் கூட வந்தார்கள். அடக்கம் செய்யக் கொடுத்துவிடப் போகிறார் என்று நினைத்தாள் ராஜாம்பாள். சேலையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உடம்பு எப்படி இருக்கு அம்மா?" என்றார் இயக்குநர்.

"தோ இருக்கேன் சார்."

"பிரஷர், நெஞ்சு வலி, ஏதாவது?"

"சுகர் மட்டுந்தான். மாத்தர போட்டுக்கறேன்."

இயக்குநரின் முகம் சற்று வாடியது. "மாத்திரைங்கிறது நம்ம மரபுல கிடையாதே அம்மா," என்றார் அன்போடு. பிறகு விஷயத்துக்கு வந்தார். "கோவிந்தசாமி ஐயா ஒத்தையாப் படுத்திருக்கிறது எனக்கே உறுத்தலா இருக்கு. தம்பதியா இருந்தாத்தான் அந்தக் காட்சி முழுமையாகும். பக்கத்துலயே உங்களுக்கும் இடம் ஒதுக்கிட்டோம். தாலியோட இருக்கீங்க, அதுவும் நல்லதாப் போச்சு. அவசரமே இல்லம்மா. மார்ச்சோட எங்களுக்கு நிதியாண்டு முடியுது, அதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

ராஜாம்பாள் எழுந்தாள். இத்தனை மாதமாக வராத குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. "நீ நாசமாப் போவ. உன் பொணத்துக்கு ஒரு புடி மண்ணு கெடைக்காமப் போவும். எம் புருஷன மண்ணுக்கு அனுப்பாம என்ன ரெண்டுங்கெட்டானா வச்ச உன் குடி விளங்காது," என்று அலறிக்கொண்டே வாசலுக்கு இறங்கினாள். மண்ணை வாரி அவர் தலையில் தூற்றக் குனிந்தாள். தெருவில் மண் இல்லை. போன மாதம்தான் பழமையான தோற்றத்துக்காகத் தெரு முழுவதும் கருங்கல் பதித்திருந்தார்கள். அவள் நகங்கள் கல்லைப் பிராண்டின. கல்லில் ரத்தம் பட்டது.

இயக்குநர் நெஞ்சில் கை வைத்தபடி நின்றார். அவர் கண்கள் மறுபடியும் கலங்கியிருந்தன. "மண் தூற்றுறது, ஆஷ்லின். நம்மகிட்ட இதுல ஒண்ணுகூட இல்ல," என்று கிசுகிசுத்தார். பிறகு ராஜாம்பாளின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, அப்படியே இருங்க, நிமிராதீங்க. கிளாட்வின், கேமராவை ஆஷ்லின்கிட்ட கொடுத்துட்டு ஓடிப்போய் ஒரு தாம்பாளத்துல மண் எடுத்துட்டு வா. கடற்கரை மணல் வேண்டாம், படத்துல வெளுப்பாத் தெரியும். செம்மண்ணாப் பாரு."